சீமெந்துத் தரையும் அரைமண்டியும்: வன்னி நடன வகுப்பொன்றின் நிகழ்வு ஆய்வு

பரதநாட்டிய வகுப்பில், தட்டிக் கும்பிடும்போதுதான் முதலில் கண்டேன். முழுமண்டியில், அதாவது முழங்காலை முழுதாக மடித்துக் குந்தி இருந்து, நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழும்ப வேண்டும். மற்றப் பிள்ளைகள் எழும்பிவிட்டார்கள். இவள் மட்டும் இடக்கையை நிலத்தில் ஊன்றி, பாரத்தை இடக்காலில் போட்டு எழும்பினாள். எழும்பினவுடன் என்னைப் பார்த்தாள், நான் கண்டேனா என்று. நானும் காணாத மாதிரி இருந்துவிட்டேன். 2022 செப்டெம்பர் நடுப்பகுதி அது. நவராத்திரி வாணி விழாவுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது.

காணாத மாதிரி இருந்த அந்தப் பின்னேரத்துக்கு முன்னும் பின்னும் நடந்ததைத்தான் இதில் எழுதுகிறேன். பிள்ளையின் பெயர் வேண்டாம். தாயிடம் கேட்டு, அவர் ஓம் என்ற பிறகுதான் எழுதுகிறேன். வன்னியில் சின்னப் பிள்ளைகளுக்கு நடனம் பழக்கும் வேறு ஆசிரியைகளுக்கு உதவும் என்ற எண்ணம்.

இடமும் பிள்ளையும்

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில் இறங்கி, உள்ளே கிரவல் வீதியில் போனால் வரும் கிராமம். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டின பொதுநோக்கு மண்டபம். தகரக் கூரை, அரைச்சுவர், பளபளவென்று இழுத்த சீமெந்துத் தரை. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம், நிவாரணம் கொடுப்பது, பிறந்தநாள், அந்தியேட்டி எல்லாம் அங்கேதான். சனி, ஞாயிறு பின்னேரங்கள் எங்களுக்கு.

பிள்ளைக்கு அப்போது 11 வயது, தரம் 6. ஏழு வயதில் வந்தவள். தட்டடவு, நாட்டடவு, மெட்டடவு என்ற அடிப்படை அசைவுகளை முடித்து, முதல் உருப்படியான அலாரிப்பு ஆடி, அடுத்ததான ஜதீஸ்வரம் தொடங்கியிருந்தாள். தாளம் பிசகாது. சொன்னதை அடுத்த கிழமை வீட்டில் செய்துகொண்டு வருவாள். ஆசிரியைக்கு இப்படி ஒரு பிள்ளை கிடைத்தால் என்ன நடக்கும் என்று தெரியும்தானே. முன்வரிசையில் நடுவில் நிறுத்தி, மற்றவர்களுக்கு அவளையே காட்டிக் காட்டி, ஒவ்வொரு அடவையும் அவளை இரண்டு தரம் கூடச் செய்ய வைப்போம். நானும் அதைத்தான் செய்தேன்.

தகப்பன் குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயல் செய்கிறவர். 2021ல் இரசாயன உரத்தைத் தடை செய்த பிறகு வந்த காலபோகத்தில் (மழைக்கால நெற்செய்கையில்) நெல் பாதியும் தேறவில்லை என்று சொன்னார். அடுத்த வருடப் பொருளாதார நெருக்கடியில் பால்மா விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் வெறுந்தேத்தண்ணியும் ரொட்டியும், மத்தியானம் சோறும் ஒரு கறியும். வகுப்புக்கு வரும் நாளில் மத்தியானச் சோற்றோடு வருகிறவள், ஆறரைக்கு வீடு போகும்வரை தண்ணீர்தான். இதை நான் அப்போது கேட்கவில்லை. பிறகு கொப்பியில் எழுதச் சொன்னபோதுதான் தெரிந்தது.

2022 ஜூன், ஜூலையில் பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. பாடசாலைகளும் இடையில் மூடின. நான் கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்து மோட்டார் சைக்கிளில் போகிறவள். ஆகவே வகுப்பும் நின்றது. ஏழு கிழமை பிள்ளைகள் ஒரு தட்டும் தட்டவில்லை. ஆகஸ்டில் திரும்பத் தொடங்கினேன். செப்டெம்பரில், வாணி விழா வருகிறதென்று, சனி ஞாயிறோடு புதனும் வெள்ளியும் சேர்த்துக்கொண்டேன். பஸ் ஒழுங்காக இல்லாததால் இவள் பாடசாலைக்கும் வகுப்புக்கும் சைக்கிள்தான். தகப்பனின் சைக்கிள், இருக்கை உயரம். அந்தக் கால் ஒரு நாளும் சும்மா இருக்கவில்லை.

அந்த ஏழு கிழமையில் அவள் வளர்ந்துவிட்டாள். மண்டபத்து வாசல் தூணில் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பிள்ளைகளின் உயரத்தைக் கரிக்கட்டியால் கோடு போடுவது எங்கள் விளையாட்டு. பிறகு ஞாபகம் வந்து அளந்து பார்த்தேன். ஜனவரிக் கோட்டுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் ஆறு சென்ரிமீற்றர். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 11, 12 வயதில்தான் வேகமாக வளர்கிறார்கள். முதலில் எலும்பு நீளும், தசை பின்னால் மெல்ல இழுபட்டுக்கொண்டு வரும். அந்த மாதங்களில் பிள்ளை முந்தி செய்ததையே செய்யத் தடுமாறும், கால் தனக்குச் சொந்தமில்லாத மாதிரி வீசும். அதைப் பார்த்து நாங்கள் "என்ன, வீட்டில் செய்து பார்க்கவில்லையா?" என்று ஏசுவோம்.

நோ

இரண்டாம் தடவை கையை ஊன்றி எழும்பியபோது கூப்பிட்டேன்.

"பிள்ளை, எங்க நோகுது?"

"நோகேல்ல ரீச்சர்."

"பிறகேன் கை ஊன்றினனீ?"

பேசாமல் நின்றாள். பிறகு வலது முழங்காற்சிரட்டைக்குக் கீழே, இரண்டு விரல் அகலத்தில், ஒரே ஒரு இடத்தை ஆட்காட்டி விரலால் தொட்டுக் காட்டினாள். நான் தொட்டதும் காலை இழுத்துக்கொண்டாள். ஒரு சின்னப் புடைப்பு இருந்தது, கொஞ்சம் சூடாகவும். இடது காலில் அது இல்லை.

எப்போதில் இருந்து என்று கேட்டால், "அண்டைக்கு." எண்டைக்கு என்றால் தெரியாது. தாயிடம் கேட்டேன். மூன்று கிழமையாக இரவில் சித்தாலேப பூசித்தான் படுக்கிறாளாம். "சொன்னா நீங்கள் ஆடவேண்டாம் எண்டு சொல்லிப் போடுவியளாம் ரீச்சர். அதால உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டாள்." ஒரு பிள்ளை நோவை என்னிடம் ஒளிப்பதற்கு நான் எப்படிப்பட்ட வகுப்பு நடத்தியிருக்க வேண்டும் என்று அன்றிரவு யோசித்துப் படுத்தேன்.

கூட வந்திருந்த அவளின் அப்பப்பா பழைய கூத்துக்காரர். முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடினவர். சுவரில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "பிள்ளை, நாங்கள் ஆடினது மண்ணில. விடிய விடிய ஆடினாலும் மண் வாங்கிக்கொள்ளும். இது சீமெந்து. நீ தட்டுறது முழுக்க உனக்கே திரும்பி வரும்" என்றார். பௌதிகம் படிக்காதவர் சொன்னது சரியான பௌதிகம்.

ஒரு கணக்கு

வீட்டுக்குப் போய் ஒரு கொப்பியை எடுத்தேன். முதலாம் தட்டடவு, ஆதி தாளம், ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று). காலம் என்பது வேகம். முதற்காலத்தில் 8 தட்டு, இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32. மூன்று காலமும் ஒருமுறை செய்தால் 56. நாங்கள் ஓர் ஆவர்த்தனத்தோடு விடுவதில்லை, காலத்துக்கு நாலு. அப்படியானால் 224. இது ஒரேயொரு தட்டடவுக்கு. மற்ற அடவுகளில் தட்டுக் கணக்கு வேறு என்றாலும், நாட்டடவு, மெட்டடவு, ஜதீஸ்வர ஒத்திகை என்று சேர்த்தால் ஒரு பின்னேரத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். முன்வரிசைப் பிள்ளைக்கு அதிலும் கூட. ஜூலையில் பூச்சியம், ஆகஸ்டில் கிழமைக்கு இரண்டு நாள், செப்டெம்பரில் நாலு நாள். இதைத் தாளில் எழுதிப் பார்க்கும்வரை எனக்கு உறைக்கவில்லை. பதினைந்து வருடமாகத் தட்டுக்கழியால் தாளம் போடுகிறேன், ஒரு பிள்ளையின் கால் எத்தனை தரம் நிலத்தில் விழுகிறது என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

லண்டன் அக்கா

அதே கிழமை அக்கா வாட்சப்பில் வந்தார். லண்டனில் இருப்பவர். அவரின் மகளுக்கும் 11 வயதுதான், சனிக்கிழமைகளில் பலே (ballet) என்ற ஐரோப்பிய நடன வகுப்புக்குப் போகிறாள். அக்காவுக்கு ஒரே முறைப்பாடு. "மூண்டு வருசம் காசு கட்டியாச்சு, இன்னும் அந்த விரல்நுனிச் சப்பாத்து போட விடுகினம் இல்லை. இவள் ஒரே அழுகை."

ஏன் விடவில்லை என்று தோண்டிக் கேட்டேன். ஒற்றைக்காலில் குதியை உயர்த்தி எத்தனை தரம் நிற்கிறாள், குதித்து ஒரு காலில் இறங்கும்போது முழங்கால் உள்ளே விழுகிறதா, இடுப்பு ஆடாமல் நிற்கிறதா, இதெல்லாம் பார்த்துத்தான் விடுவார்களாம். பொயின்ற் சப்பாத்து என்பது உடலின் முழுப் பாரத்தையும் கால்விரல் நுனிக்குக் கொண்டுபோகும் சாமான். பல பலே பள்ளிகள் அதை 11, 12 வயதுக்கு முன், சில வருடப் பயிற்சி இல்லாமல், கொடுப்பதில்லை. வயது வந்தாலும் பலம் வராவிட்டால் இல்லை. அக்காவின் மகள் அழுதுகொண்டே ஒரு காணொளி அனுப்பினாள். வீட்டுக் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மடங்கி மெல்ல எழும்புகிறாள், அவ்வளவுதான். அவளின் முழங்கால் இரண்டாம் கால்விரலுக்கு நேரே போய் நேரே வருகிறது. எங்கள் முன்வரிசை நாயகிக்கு அப்படிப் போவதில்லை என்று எனக்கு உடனே பட்டது.

பலேக்காரர் மடங்குவதும், முழங்காலை அரைவாசி மடித்து இருக்கும் எங்கள் அரைமண்டியும் தூரத்தில் பார்த்தால் ஒன்றுதான். இரண்டிலும் தொடை வெளிப்பக்கம் திரும்ப வேண்டும், முழங்கால் பக்கவாட்டில் விரிய வேண்டும், முதுகு நேரே நிற்க வேண்டும். கிட்டப் போனால் வித்தியாசம் தெரியும். அவர்கள் மடங்கி, எழும்பி, திரும்ப மடங்குவார்கள். நாங்கள் மடங்கின இடத்திலேயே நின்று, தட்டையான பாதத்தால் நிமிடக் கணக்கில் தட்டுவோம். அவர்களுக்குச் சுவரோரம் பிடிகம்பு இருக்கிறது. ரஷ்யாவில் சென் பீற்றர்ஸ்பேர்க்கின் வாகனோவா பலே பள்ளி 1738ல் தொடங்கியது. பத்து வயதளவில் எடுத்து எட்டு வருடம் பழக்குகிறார்கள். முதல் வருடப் பிள்ளை இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடிதான் தொடங்கும். தரை மரம், அடியில் காற்று இடைவெளி, மிதித்தால் கொஞ்சம் கீழே போய் வரும். எங்களிடம் கம்பும் இல்லை, மரத்தரையும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பள்ளிக்கு வரும் பிள்ளையின் இடுப்பு எவ்வளவு திறக்கிறது, பாதம் எப்படி வளைகிறது, முதுகு எப்படி என்று எல்லாம் பார்த்துத் தேர்ந்துதான் எடுப்பார்கள். திறக்காத இடுப்பு வாசலிலேயே திரும்பிப் போய்விடும். நாங்கள் அப்படியில்லை. வாற பிள்ளை எல்லாம் எங்கள் பிள்ளை. அதை மாற்ற எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் வாற எல்லாரையும் எடுத்துவிட்டு, தேர்ந்தெடுத்த உடம்பிடம் கேட்கும் மண்டியை எல்லாரிடமும் கேட்டால் அது என்ன நியாயம்?

பரதக்காரி பலேயிடம் ஏன் போகிறாள் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன ஞாபகம். சென்னைப் பரதக் கலைஞர் ருக்மிணி தேவி 1928ல் பம்பாயில் ரஷ்ய பலேக்காரி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்து, பிறகு அவுஸ்திரேலியாவுக்கு ஒரே கப்பலில் போனபோது அவரோடு பழகி, பாவ்லோவா குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பலே படித்தவர். அதற்குப் பிறகுதான் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பரதம், அப்புறம் 1936ல் கலாக்ஷேத்திரா என்ற தன் கலைப் பள்ளி.

சொப்பிங் பையும் பாகைமானியும்

அடுத்த சனிக்கிழமை ஒருத்தரையும் ஆடவிடவில்லை. இவளை யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சீமெந்தில் அரைமண்டியில் இருக்கச் சொன்னேன். குதி இரண்டும் சேர்ந்து, பாதம் இரண்டும் ஏறக்குறைய ஒரே கோடு. பாதத்தைச் சுற்றி வெண்கட்டியால் கோடு கீறினேன். அவளின் கணிதப் பெட்டியில் இருந்த பாகைமானியை வைத்துப் பார்த்தால் 160 பாகைக்குக் கிட்ட. மற்றப் பிள்ளைகள் கைதட்டினார்கள். இதைப் பார்த்துத்தான் நான் நாலு வருடமாகச் சந்தோசப்பட்டேன்.

பிறகு இரண்டு சொப்பிங் பையை விரித்து, ஒவ்வொரு பாதத்துக்குக் கீழும் ஒன்று வைத்தேன். அதே தரை, அதே கம்பி. பின்னால் நான் பிடித்துக்கொண்டு நின்றேன், வழுக்கி விழாமல். "இப்ப மண்டியில இரு, காலை எவ்வளவு திறக்க ஏலுமோ அவ்வளவு திற. நிலத்தில ஊன்றித் திருப்பாத" என்றேன். பாதம் தானாக முன்பக்கம் வந்து நின்றது. வெண்கட்டிக் கோட்டுக்குள் நிற்கவே இல்லை. 110 பாகை. இரண்டு மூன்று தரம் செய்தும் அதற்குமேல் போகவில்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. பலே பழக்குபவர்கள் சுழலும் தட்டுகளில் நிறுத்திப் பார்ப்பதுதான், எங்களுக்குத் தட்டு இல்லாததால் பை. விசயம் இதுதான். நிலம் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும்போது, பாதத்தை முதலில் ஊன்றிவிட்டு உடம்பை அதன்மேல் முறுக்கி உட்காரலாம். நிலம் வழுக்கும்போது அது முடியாது. தொடை எலும்பு இடுப்பு மூட்டுக்குள் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான் பாதமும் திரும்பும். 160க்கும் 110க்கும் இடையில் இருக்கிற 50 பாகை இடுப்பில் இருந்து வரவில்லை. காலுக்கு 25 பாகை, முழங்காலிலும் பாதத்திலும் முறுக்கி எடுத்தது. அந்த முறுக்கோடுதான் அவள் ஆயிரம் தரம் தட்டியிருக்கிறாள். பாதத்தின் உள்வளைவு ஏன் நிலத்தில் படிந்து கிடந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

இடுப்புத் திறப்பு பெரும்பகுதி எலும்பின் அமைப்பு. தொடை எலும்பின் கழுத்து எந்தக் கோணத்தில் இருக்கிறது, மூட்டுக்குழி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் பிள்ளைக்குப் பிள்ளை வேறு. தசையைப் பழக்கி இருக்கிற திறப்பை முழுதாகப் பாவிக்க வைக்கலாம். எலும்பைத் தடியால் தட்டித் திருப்ப முடியாது. நான் "மண்டி காணாது, இன்னும் இரு, இன்னும் இரு" என்று அவளின் தொடையில் கையை வைத்து அமத்தியிருக்கிறேன். என்னையும் அப்படித்தான் அமத்திப் பழக்கினார்கள். என் வலது முழங்கால் மழைக்காலத்தில் சொல்லும் கதை வேறு.

அன்றைக்கு வகுப்பில் எல்லாரையும் பையில் ஏற்றினேன். பாதிப் பேருக்கு மேல் கோட்டுக்குள் நிற்கவில்லை. எப்போதும் பின்வரிசையில் நின்று, மண்டி காணாது என்று என்னிடம் ஏச்சு வாங்கும் ஒருத்தி மட்டும் சீமெந்திலும் 115, பையிலும் 115. அவள் தன் உடம்பில் இருக்கிறதைத்தான் ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வைத்தியர்

செவ்வாய்க்கிழமை தாயோடு நானும் அரசாங்க வைத்தியசாலைக்குப் போனேன். வைத்தியர் முழங்காலைப் பார்ப்பதற்கு முன் இடுப்பை மடக்கித் திருப்பிப் பார்த்தார். இந்த வயதில் இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் சில பிள்ளைகள் முழங்கால் நோகுது என்றுதான் சொல்லுமாம். காய்ச்சல் இருந்ததா, தொண்டை நோ வந்ததா, ஒரு மூட்டு விட்டு இன்னொரு மூட்டுக்கு நோ மாறுகிறதா, இரவில் நோவால் எழும்புகிறாளா என்று கேட்டார். வாதக்காய்ச்சல், கிருமித்தொற்று, அதைவிட மோசமானவை எல்லாவற்றையும் விலக்கத்தான் அந்தக் கேள்விகள். எங்கள் பக்கத்தில் முழங்கால் நோ என்றால் எண்ணெய் போட்டு உருவிவிடும் பழக்கம் இருப்பதால் இதைக் குறித்து வைக்கிறேன். உருவுவதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

கடைசியில் சொன்ன பெயர் ஒஸ்குட் ஷ்லாட்டர். தொடையின் முன்தசை முழங்காற்சிரட்டை வழியாக இறங்கி, கீழே பெரிய எலும்பின் முன்பக்கத்தில் தசைநாணாக ஒட்டுகிறது. வளர்கிற பிள்ளைக்கு அந்த ஒட்டுமிடம் இன்னும் குருத்தெலும்பு. குதிக்க, தட்ட, மடங்கி நிற்க ஒவ்வொரு தரமும் தசை அதை இழுக்கும். இழுக்க இழுக்க அது நொந்து புடைக்கும். பந்து விளையாடுகிற, ஓடுகிற பிள்ளைகளுக்கும் வருவதுதான். வளர்ச்சி முடிந்து அந்த இடம் எலும்பாக இறுகினால் பெரும்பாலும் தானாகத் தீரும். ஊசி, வெட்டு ஒன்றும் தேவையில்லை என்றார். பாரத்தைக் குறைக்க வேண்டும். முழங்காலை முறுக்கி இருந்ததுதான் இதைக் கொண்டுவந்தது என்று அவர் சொல்லவில்லை. கூடச் சுமை, வேகமான வளர்ச்சி என்றுதான் சொன்னார். முறுக்கு அதற்குமேல் நான் வைத்த சுமை என்பது என் எண்ணம்.

தாய் கேட்ட ஒரே கேள்வி: "வாணி விழாவுக்கு ஆடலாமோ?"

இல்லை என்றார். வெளியே வந்து தாய் என்னோடுதான் கோவித்தார். "சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லியாச்சு ரீச்சர். உடுப்புக்கும் காசு குடுத்தாச்சு." பிள்ளை ஒன்றும் பேசவில்லை, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாற்றினவை

முழு ஓய்வு கொடுக்கவில்லை. இயன்மருத்துவர் ஒருவர் சொன்ன அளவுகோலைப் பிடித்துக்கொண்டோம். நோவுக்குப் பத்தில் எத்தனை என்று பிள்ளையே சொல்ல வேண்டும். மூன்றுவரை பரவாயில்லை, அடுத்த நாள் காலையில் இல்லாமல் போக வேண்டும். அதற்கு மேல் போனால் அடுத்த வகுப்பில் குறைக்க வேண்டும். இதில் பெரிய சங்கடம், எங்கள் பிள்ளைகள் ரீச்சர் முகத்தைப் பார்த்துத்தான் எண் சொல்லும். முதல் கிழமை எப்போது கேட்டாலும் "ஒண்டு ரீச்சர்." ஆகவே கேட்பதை விட்டு, கொப்பி கொடுத்து வீட்டில் எழுதச் சொன்னேன். அப்போதுதான் ஐந்தும் ஆறும் வந்தன. அந்தக் கொப்பியிலேயே என்ன சாப்பிட்டாள் என்றும் எழுதச் சொன்னேன்.

சாப்பாட்டில் நான் செய்தது சின்ன விசயம். வகுப்புக்கு முன் அவித்த கடலையோ பயறோ ஒரு கோப்பை, எல்லாப் பிள்ளைக்கும், முறை வைத்து ஒவ்வொரு வீட்டால். பலே உலகில் மெலிவுக்காகப் பட்டினி கிடந்து எலும்பு முறிந்த கதைகள் நிறைய உண்டு. 2014ல் சர்வதேச ஒலிம்பிக் குழு விளையாட்டில் சக்திக் குறைபாடு என்று அதற்கு ஒரு பெயரே வைத்தது. அங்கே மெலிய வேண்டும் என்று சாப்பிடாமல் விடுகிறார்கள். இங்கே இல்லாததால் விடுகிறோம். எலும்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

முழுமண்டி, குதிப்பு, முழங்காலை நிலத்தில் ஊன்றும் மண்டியடவு மூன்றும் நிறுத்தம். தட்டிக் கும்பிடுவதை நின்றபடியே. தட்டடவை மண்டபத்துக்கு வெளியே, வேம்புக்குக் கீழே கொண்டுபோனேன். தாய்மார் இரண்டு பேர் வந்து மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, இறுக்கி, சாணியால் மெழுகித் தந்தார்கள். மழை வந்தால் வகுப்பு உள்ளே, உள்ளே வந்தால் தட்டு இல்லை, அபிநயம் மட்டும். ஒரு பின்னேரத்துக்கு 200 தட்டுக்கு மேல் இல்லை, முதற்காலம் மட்டும். அரைமண்டி அவளின் 110லேயே, ஆழமும் பாதி. பாடசாலை வாங்கு ஒன்றைப் பிடிகம்பாக வைத்துக்கொண்டு மெல்ல மடங்கி எழும்புவது பத்துத் தரம், அக்காவின் மகள் செய்த மாதிரியே. பக்கவாட்டில் படுத்துத் தொடையைத் திறப்பது, ஒற்றைக்காலில் குதி உயர்த்துவது. தகப்பன் சைக்கிள் இருக்கையைப் பதித்துக் கொடுத்தார்.

வாணி விழாவில் அவள் ஆடவில்லை. என் பக்கத்தில் பாயில் இருந்து, ஆட்டத்துக்கான தாளச் சொற்கட்டுச் சொன்னாள். முதல் ஜதிக்குக் குரல் நடுங்கியது. இரண்டாவதில் தட்டுக்கழியை என் கையில் இருந்து கேட்டு வாங்கினாள். அன்றைக்கு ஆடின பிள்ளைகள் ஒருத்தரும் தாளம் விடவில்லை, காலம் கூடிப் போகவும் இல்லை. நான் பிடித்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், அது என் பழைய வியாதி.

பத்தாவது கிழமை கொப்பியில் ஒன்றும் பூச்சியமும்தான். இரண்டாம் காலம் சேர்த்தேன், தட்டு 300. நல்லாகத்தான் போனது. 2023 தொடக்கத்தில் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது. அணிநடை, உடற்பயிற்சி, நூறு மீற்றர் ஓட்டம், அஞ்சல் ஓட்டம் எல்லாவற்றிலும் இவள். ஒரு கிழமையில் திரும்ப ஆறு. என் கணக்கில் என் வகுப்பு மட்டும்தான் இருந்தது, பிள்ளைக்கோ இருப்பது ஒரே ஒரு கால்சோடி. விளையாட்டு ஆசிரியரோடு போய்க் கதைத்தேன். அவர் உடனே விளங்கிக்கொண்டு ஓட்டத்தை ஒன்றாகக் குறைத்தார். இப்போது தை, மாசியில் என் வகுப்பில் தட்டு பாதி. எல்லாருக்கும்.

வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சையை ஒரு வருடம் தள்ளிப் போட்டோம். அதற்குத் தாயைச் சம்மதிக்க வைக்கத்தான் எல்லாவற்றிலும் கூட நேரம் பிடித்தது. அடுத்த தெருப் பிள்ளை அடுத்த தரத்துக்குப் போய்விட்டது, எங்கள் பிள்ளை அதே தரத்தில் என்றால் ஒரு வீட்டில் அது சின்ன விசயமில்லை. அப்பப்பாதான் முடித்து வைத்தார். "கூத்தில ஒரு வருசம் களரி ஏறாட்டி அடுத்த வருசம் ஏறலாம். கால் போனா எதில ஏறுறது?"

இப்போது

தூணில் கோடு மெதுவாக ஏறுகிறது. போன பொங்கலுக்கும் இந்தப் பொங்கலுக்கும் இரண்டு சென்ரிமீற்றர்தான். சிரட்டைக்குக் கீழே புடைப்பு அப்படியே இருக்கிறது, அது போகாது போல. ஆனால் அமத்தினால் நோகவில்லை. பையில் நிறுத்தினால் 118 வருகிறது, சீமெந்தில் நிறுத்தினாலும் 118. படம் எடுத்துப் பார்த்தால் முந்தின மண்டி மாதிரி விரிந்து தெரியாது. அண்மையில் பார்க்க வந்த ஓர் ஆசிரியை, "மண்டி கொஞ்சம் காணாதே" என்றார். சரி என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

ஜதீஸ்வரம் முழுதாக ஆடுகிறாள். முழுமண்டி திரும்ப வந்துவிட்டது, குதிப்பும். மண்டியடவு மட்டும் பாக்கி. சீமெந்தில் முழங்கால் ஊன்ற எனக்கு இன்னும் மனமில்லை. வருகிற சனிக்கிழமை மண்தரையில், நாலாக மடித்த சாக்கின்மேல், நாலே நாலு தரம் செய்து பார்ப்பதாக இருக்கிறோம். சாக்கு அவள் கொண்டுவருவாள். கொப்பியும்.